மெருகேற்றினால் மதிப்புக் குறையும்
செதுக்குவேலை கொண்ட பழைய கைத்துப்பாக்கிகளை மெருகேற்றினால் மதிப்புக் கூடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. சிற்றுளியால் வெட்டிய கொடிக்கோலத்தின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்பதைக் கொண்டே கைவேலையின் தரத்தை அறிகிறோம். மெருகுச் சக்கரத்தில் ஒருமுறை தேய்த்தாலே அவ்விளிம்பு மழுங்கி, இலைகளுக்குள் இழைத்த மெல்லிய நிழற்கோடுகளும் அழிந்துவிடும். மேலும், செதுக்குவேலைபோல் தெரிவதெல்லாம் கைவேலையன்று: கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1851 ஆம் ஆண்டு நேவி ரிவால்வரில் குண்டுகளைத் தாங்கிச் சுழலும் உருளையில் உள்ள கடற்போர்க் காட்சி (1843இல் நடந்த காம்பேச்சே போர்) கையால் செதுக்கப்பட்டதன்று, செதுக்குக் கலைஞர் ஓர்ம்ஸ்பி வெட்டிய அச்சை உருட்டி அழுத்திப் பதித்தது. அக்காட்சியை மட்டும் காட்டிக் கூடுதல் விலை கேட்பது, சொல்லப்போனால், ஏமாற்று வேலைதான். கோல்ட் துப்பாக்கிகளில் கையால் செதுக்கிய குஸ்டாவ் யங் போன்றோர் துப்பாக்கியின் உடற்சட்டகத்திலும் குழலிலும் வெட்டிய வேலைப்பாடு முற்றிலும் வேறு. அத்தகைய பெயரைச் சொல்லி விற்பவரிடம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துத் தயாரிப்பு நிறுவனம் தரும் சான்றுக் கடிதத்தை முதலில் கேட்க வேண்டும்.