சேலையைப் பற்றிப் பேசியவர்களுக்கு

எங்கள் பட்டி நாய் பூச்சியை அம்மாவின் சேலையால் போர்த்திப் புதைத்ததைக் காட்டி ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தையும் அதன் கீழே வந்த ஏச்சுகளையும் பார்த்தவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. மூன்று நாட்கள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் நேற்று ஒரு கல்யாணப் பந்தியில், எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவர், "பெற்ற தாயின் சேலையை நாய்க்குப் போர்த்திப் புதைத்தது இவன்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டினார். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம், போர்த்தினேன். ஒளித்துச் செய்யவில்லை. அந்தச் சேலை ஒரு காலத்தில் அம்மாவுடையது. பிறகு அது பூச்சியினுடையது ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று ஒருவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

2021 மே மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா தொற்று என்று செய்தி வந்த மாதம். கடைசி வாரத்தில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. 24-ஆம் தேதியிலிருந்து மளிகைக் கடைகூடத் திறக்காத ஊரடங்கு. அந்த நாட்களில்தான் அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு 84-க்கு இறங்கியதும் ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. எனக்கு லேசான தொற்று என்று வீட்டிலேயே தனித்திருக்கச் சொல்லிவிட்டார்கள். மனைவியும் மகளும் பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். வரவே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவே, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் இருக்கும் எங்கள் சாளை வீட்டில் நானும் பூச்சியும் மட்டும்.

ஆறாம் நாள் அம்மா போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மின்மயானம். தம்பி முறையுள்ள ஒருவன் தூரத்தில் நின்று செல்போனில் காட்டினான். சுற்றிக் கட்டிய பொதி ஒன்று தெரிந்தது. அதில் முகம் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குப் புரியவில்லை. எண்ணெய் சீயக்காய் வைக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிச் சேலை விழவில்லை. இடையிலேயே சிக்னல் போய்விட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு ஆசாரத்தை, எங்கள் வீட்டுக் கூடத்தை, பார்த்தேன். ஓர் ஆள் இல்லை. எழவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம். பங்காளி வீட்டிலிருந்தோ மாமன் வீட்டிலிருந்தோ சோறு வரும். அன்று என் கஞ்சிக்கு நானே அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அப்போது அங்கே இருந்தது பூச்சி. இதைத்தான் நான் மூன்று நாட்களாகச் சொல்ல நினைக்கிறேன். அன்று அது இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்த காலையில் அம்மா துவைத்துப் போட்ட ஊதா நூல் சேலை ஒன்று கொடியிலேயே கிடந்தது. எடுத்து மடிக்க எனக்குத் தெம்பில்லை. அம்மா இறந்த மறுநாள் அடித்த காற்றில் அது கீழே விழுந்தது. பூச்சி அதன் முந்தானையைக் கவ்வித் துவைகல் பக்கம் இழுத்துப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் கோபம்தான் வந்தது. கத்தினேன், குரல் வரவில்லை. அது சேலையை விரித்துக் கிழிக்கவோ விளையாடவோ இல்லை. மூக்கை மடிப்புக்குள் விட்டு ஒரே இடத்தை வெகுநேரம் மோந்துகொண்டிருந்தது. பிறகு அதன்மேல் சுருண்டு படுத்துக்கொண்டது.

எனக்கு அந்த நோயில் வாசனையே தெரியாமல் போயிருந்தது. அம்மா போய்விட்டார் என்று தெரிந்தும், அவர் தலையணையை முகத்தில் வைத்தால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்தச் சேலையில் அம்மா இருப்பது பூச்சிக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அதனிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை?

அம்மா தன் தட்டில் கடைசியாக ஒரு பிடி சோற்றை எப்போதும் துவைகல்லின் மேல் வைப்பார். அதைத்தான் பூச்சி தின்னும். நான் அலுமினியத் தட்டில் வைத்ததை இரண்டு நாட்கள் தொடவில்லை. மூன்றாம் நாள் கஞ்சிச் சோற்றைப் பிழிந்து கல்லின் மேல் வைத்தேன். தின்றது. தின்றுவிட்டு என் பின்னாலேயே வந்து, அம்மா இருந்தவரை ஒரு நாளும் தாண்டாத நிலைப்படியைத் தாண்டி, கட்டிலுக்குக் கீழே படுத்தது. அதன் முதுகுச் சூடு என் பாதத்தில் பட்டது. பன்னிரண்டு நாட்களாக எந்த உயிரும் என்னைத் தொடவில்லை. அப்போதுதான் நான் அம்மாவுக்காக அழுதேன். "அம்மா செத்ததற்கு அழாதவன் நாய்க்கு அழுகிறான்" என்று எழுதினீர்களே, அந்த அழுகையைப் பார்த்தது பூச்சி ஒன்றுதான்.

அண்ணா, உங்களை மதித்தே சொல்கிறேன். "ஊரடங்கில் எப்படி வர முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வராததை நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. நானும் அந்த ஜூனில் இரண்டு சாவுகளுக்குப் போகவில்லை. ஆனால் போன் இருந்தது. நீங்கள் எட்டாம் நாள் கூப்பிட்டீர்கள். அம்மா கழுத்துச் சங்கிலி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வந்ததா என்று கேட்டீர்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

"தாயையும் நாயையும் ஒன்றாக வைக்கலாமா?" என்கிறார் இன்னொருவர். நான் எங்கே வைத்தேன்? நாய் இல்லாமல் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற தருமரின் கதையைச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், எருமைகளைக் காக்கச் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அது கள்ளரைக் கடித்துக் காத்ததை எழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் வீரனை இழிவுபடுத்தினார்களா? நாயும் மனிதரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று 2015-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே சுரக்கும் அதே பொருள். இதெல்லாம் படிக்காமலேயே எனக்கு அந்த அறையில் தெரிந்துவிட்டது.

தெருநாய்கள் கொன்ற ஆடுகளைப் பற்றிக் கேட்டவருக்கு மட்டும் நான் கோபமில்லாமல் பதில் சொல்கிறேன். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததும் உண்மை. என் பட்டியிலும் ஒரே இரவில் ஐந்து போயின. சினை ஆடு ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த இழப்பீட்டுக்காக நானும் போய் நின்றேன். நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த நாளிலிருந்து, நாய் என்று யார் வாயைத் திறந்தாலும் அந்தச் சண்டைக்குள் இழுத்துப் போடுகிறீர்கள். பூச்சி கிளுவை வேலிக்குள் படுத்து ஆடு காத்த பட்டி நாய். வருடாவருடம் ஊசி போட்ட நாய். அந்த ஐந்து ஆடுகள் போன இரவில் அதன் காதும் பாதி போனது.

"உங்கள் அம்மா நாயை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாரே, அவருக்கே இது பிடித்திருக்குமா?" என்று என் பள்ளித் தோழி ஒருவர் தனியாகக் கேட்டார். இது ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிடித்திருக்காது. துடைப்பத்தை எடுத்திருப்பார். ஆனால் அந்த ஒரு பிடிச் சோற்றையும் அவர்தான் வைத்தார். "கண்ணு, சாமி, வந்து தின்னு" என்று என்னைக் கூப்பிடும் அதே குரலில்தான் அதையும் கூப்பிட்டார். எனக்கு இதற்குமேல் பதில் தெரியவில்லை.

ஜூனில் ஒரு மழை பெய்தது. நனைந்து உள்ளே வந்த பூச்சி கட்டில் அருகே உடம்பை உதறியது. நாற்றம் அடித்தது. வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்த எனக்கு முதலில் திரும்பி வந்தது அந்த ஈர நாய் நாற்றம்தான். எழுந்து ஓடிப்போய்த் துவைகல் பக்கம் கிடந்த சேலையை எடுத்து மோந்தேன். அதில் அம்மா இல்லை. மழையும் பூச்சியும்தான். அன்றே அதை அதனிடம் விட்டுவிட்டேன். நான்கு வருடத்துக்கு மேல் அது அதன்மேல்தான் படுத்தது. போன வெள்ளிக்கிழமை அதன்மேல்தான் செத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாராபுரத்து மாமா தன் அக்காவுக்கு வாங்கிய கோடிச் சேலை, போட வழியில்லாமல், ஊரடங்கு முடிந்தபின் என் கைக்கு வந்தது. வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை. மடிப்புக் கலையாமல் பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் போர்த்தவில்லை.