செம்பெயர்ச்சி முழுக்க ஈர்ப்பு விசையாலா?

முட்டம் கடற்கரை நட்சத்திரப் படத்துக்குக் கீழே ஒரு அண்ணன், "கேலக்ஸி ஒளியின் செம்பெயர்ச்சி நட்சத்திரங்களின் ஈர்ப்பு விசையால் வருவது, பிரபஞ்சம் விரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். நிறைய பேர் பகிர்ந்தும் விட்டார்கள். செம்பெயர்ச்சி என்றால் ஒளியின் அலைநீளம் கூடி, அது சிவப்புப் பக்கம் நகர்வது.

ஈர்ப்பால் செம்பெயர்ச்சி வருவது உண்மைதான் அண்ணே. ஆனால் அளவு ரொம்பச் சின்னது. சூரியனுக்குக் கணக்குப் போட போன் கால்குலேட்டரே போதும். அதன் நிறைக்கான ஈர்ப்பு நீளம் (நிறை × ஈர்ப்பு மாறிலி ÷ ஒளிவேகத்தின் வர்க்கம்) சுமார் 1.48 கி.மீ. அதை ஆரமான 6,96,000 கி.மீ.யால் வகுத்தால் 0.000002 சொச்சம் வரும், அதுதான் சூரிய ஒளியின் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி. கோமா என்ற கேலக்ஸிக் கொத்தில் உள்ள என்ஜிசி 4889 கேலக்ஸிக்கு அளந்திருப்பதோ சுமார் 0.022. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்!

அப்புறம் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. கார்த்திகையில் நிலா இல்லாத இரவில், விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். அதிலும் இதே மாதிரி நட்சத்திரங்கள்தான், ஆனால் அதன் ஒளி நீலப் பக்கம் நகர்ந்திருக்கிறது, நம்மை நோக்கி வருவதால். ஈர்ப்புதான் காரணம் என்றால் இது எப்படி?

நாசாவின் 'நெட்' (NED) கேலக்ஸித் தரவுத்தளம் இலவசம். 'மெஸ்ஸியே 31' (Messier 31, ஆண்ட்ரோமீடாவின் இன்னொரு பெயர்) தேடுங்கள், செம்பெயர்ச்சிக் கட்டத்தில் மைனஸ் குறி இருக்கும். என்ஜிசி 4889-ஐயும் அங்கேயே பார்த்துவிடலாம்.