வூட்ஸ் உருக்கு: வாட்ஸப் பெருமையும் மூசைக் கணக்கும்

"நானோ தொழில்நுட்பத்தில் வாள் செய்த தமிழன்" ஃபார்வர்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அதன் வேர் 2006-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை. ட்ரெஸ்டன் ஆய்வாளர்கள் 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்தில் அரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கார்பன் நானோ குழாய்களைப் பார்த்தார்கள். அந்த வாளை அடித்தது பாரசீகக் கொல்லர். குழாய் இருப்பது அவருக்கும் தெரியாது, அந்த மாதிரி வாளுக்கான வூட்ஸ் என்ற கார்பன் கூடிய உருக்கை அங்கே ஏற்றுமதி செய்த நம்மூர்க்காரருக்கும் தெரியாது. தெரியாமல் நடந்ததற்கு மார்தட்டுகிறோம். தெரிந்தே செய்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தெரிந்தே செய்தது, இரும்பை முழுசாக உருக்கியது. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துருத்தி ஊதும் மரக்கரி உலை அவ்வளவு தூரம் போகாது. அதனால் பழைய உலைகளில் பெரும்பாலும் இரும்பு உருகாமல், கசடு கலந்த பஞ்சுக்கட்டியாகத்தான் வெளியே வரும் (சீனாவின் வார்ப்பிரும்பு தனிக்கதை). சூட்டோடு அடித்துக் கசடைப் பிதுக்கினால் தேனிரும்பு, அதாவது கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு. ஆனால் இரும்புக்குள் ஒன்றரை சதவீதம் கார்பன் ஏறிவிட்டால் உருகுநிலை சுமார் நூறு டிகிரி இறங்கிவிடும். உலையை உயர்த்த முடியாதவர்கள் உருகுநிலையை இறக்கினார்கள். மொத்த வித்தையும் இதுதான்.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பக்கத்துக் கொல்லர்களின் முறையை 1830-களில் எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்பை நெருக்கமாக அடுக்கும் அளவுக்குச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு மூசைக்கு (உலோகத்தை உருக்கும் சின்னக் களிமண் பாத்திரம்) அரை ராத்தல் முதல் இரண்டு ராத்தல், அதாவது கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள். அதோடு இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரை விறகு. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயில் களிமண்ணை இறுக்கி அடைத்துக் காயவிட்டு, 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கி, கரி மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி.

அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கவனியுங்கள். மூடிய பாத்திரத்தில் விறகு கரியானால் சுமார் கால்வாசி எடைதான் மிஞ்சும். அதாவது இரும்புக்கு இரண்டரை சதவீதம் கரி. கசடும் துருவும் கொஞ்சம் தின்ன, மீதி இரும்பில் ஏறும். வூட்ஸில் பொதுவாகக் காணப்படும் கார்பன் 1.2 முதல் 1.8 சதவீதம். தராசு மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் கரிப்பொடிக்குள் இரும்பைப் புதைத்துக் கார்பன் ஏற்ற ஒரு வாரம் ஆகும். அதை மூசையில் உருக்கும் யோசனை அந்த ஊர்ப் பக்கத்து ஹன்ட்ஸ்மன் என்பவருக்கு வந்தது 1740-களில்.

மூசையும் லேசான சரக்கு இல்லை. களிமண்ணில் உமி நிறையக் கலந்திருக்கும். உமி இருந்தால் காயும்போது வெடிக்காது. கருகியபின் அதன் சிலிக்காவும் கரியும் சுவரிலேயே தங்கும். பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவலூரில் கிடைத்த மூசை ஓடுகளில் உமியின் கரித்தடம் இன்னும் இருக்கிறது.

எங்கே கெடும்? மூடி விரிசல் விட்டால் காற்று புகுந்து கரியை எரித்துவிடும், உருகாத துண்டுகள் அடியில் ஒட்டிக் கிடக்கும். விறகு கூடிப்போனால் கார்பன் இரண்டு சதவீதத்தைத் தாண்டி வார்ப்பிரும்பாகிவிடும், சுத்தியல் பட்டால் சிதறும். சரியாக உருகி மூசைக்குள் ஆறி இறுகிய உருக்கு வில்லையின் மேல்பரப்பில் நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடுகள் ஓடும். அதையும் உடனே அடிக்க மாட்டார்கள். உருகும் சூட்டுக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் கரியடுப்பில் புரட்டிப் புரட்டிக் காட்டி, மிஞ்சிய கார்பனைக் குறைத்த பிறகே கம்பியாக இழுப்பார்கள்.

ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தோற்றது இதற்கு அடுத்த படியில். வெண்சூட்டில் அடிப்பது அவர்கள் பழக்கம். அந்தச் சூட்டில் வூட்ஸின் உள்ளே இருக்கும் படிகத் துகள்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகள் இளகிவிடும், பாஸ்பரஸ் இருந்தால் இன்னும் சீக்கிரமே. அடித்ததும் பொலபொலவென்று உதிரும். செஞ்சூட்டிலேயே, பொறுமையாக, பல தடவை சூடாக்கி அடிக்க வேண்டும். 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய வில்லைகள் லண்டனுக்குப் போனபின், விஞ்ஞானி ஃபாரடே வரைக்கும் இதில் மண்டையை உடைத்துக்கொண்டார். அலுமினியம், சிலிக்கான்தான் காரணம் என்று நினைத்தார். கார்பன்தான் என்று 1820-களில் காட்டியவர் பாரிஸ் நாணயசாலையின் ப்ரேயான். வாளில் அலையலையாகத் தெரியும் கோலத்துக்குத் தாதுவிலிருந்து வரும் இம்மியளவு வனேடியம் உதவுகிறது என்பது 1990-களில் உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் செய்துகாட்டிய பிறகுதான் தெளிந்தது. தாது மாறினால் கோலம் வராது, அதே கை, அதே உலை என்றாலும்.

வாள் விஷயத்தில் மிகை வேண்டாம். கூர் நன்றாக நிற்கும், உண்மை. துப்பாக்கிக் குழலை அறுக்கும் என்பதெல்லாம் கதை. பாஸ்பரஸ் ஏறிய வாள் ஓங்கி அடித்தால் உடையவும் செய்யும். இன்றைய லாரிப் பட்டை எஃகு அதைவிட வலுவாகத் தாங்கும். தொழில் அழிந்ததற்கும் சதிக்கதை தேவையில்லை: மூசைக்கு ஒரு கிலோவுக்குள் எடுக்கிறவர், 1856-க்குப் பிறகு டன் கணக்கில் எஃகு கொட்டிய பெஸ்ஸமர் முறையோடு விலையில் எப்படி மல்லுக்கட்டுவார்?

கடைசியாக, ஆன்லைனில் "ஒரிஜினல் டமாஸ்கஸ்" என்று கத்தி வாங்குகிறவர்களுக்கு. பெரும்பாலானவை இருவகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டி அடித்தவை. கோடுகள் தெளிவாக, அடுக்கடுக்காக நீளமாக ஓடினால் அது அந்த வகை. வூட்ஸில் கோடு பொடிப்பொடியாக, விட்டுவிட்டுத் தெரியும். அமிலப் பூச்சு இல்லாமல் சிலதில் தெரியவே தெரியாது.