நான்காம் பரிமாணத்தில் மூன்று உண்டு, தம்பி

"எத்தனை பரிமாணம் கூடினாலும், ஒழுங்கான உருவங்களில் சதுரமுகி (கனசதுர) வகை மட்டும்தான் இடைவெளி விடாமல் வெளியை நிரப்பும்" என்று மேலே உள்ள பதிவில் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முப்பரிமாணத்துக்கு அது சரி. நான்கு சமபக்க முக்கோணங்களாலான ஒழுங்கான நான்முகியின் இருமுகக் கோணம், அதாவது அடுத்தடுத்த இரு முகங்கள் சந்திக்கும் கோணம், ஏறத்தாழ 70.53°. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்தை அடுக்கினால் 7 பாகைக்குச் சற்று மேல் இடைவெளி மிஞ்சும். அரிஸ்டாட்டில்கூட நான்முகி நிரப்பும் என்றுதான் நம்பினார்.

ஆனால் நாற்பரிமாணத்தில் கதை வேறு. அங்கே சதுரமுகி வகையோடு, 16 நான்முகிகளால் மூடப்பட்ட உருவமும் 24 எண்முகிகளால் மூடப்பட்ட உருவமும் தனித்தனியே வெளியை நிரப்பும். இரண்டுக்கும் இருமுகக் கோணம் (இங்கே, மூடும் உருவங்களில் அடுத்தடுத்த இரண்டு சந்திக்கும் கோணம்) சரியாக 120°. ஒரு முக்கோண முகத்தைச் சுற்றி மூன்று வந்தால் 360° முழுமையாகிவிடும், தளத்தில் அறுகோணிகள் மூன்று ஓர் உச்சியில் சேர்வது போலவே. அந்த 24 எண்முகி உருவத்துக்கு இணையான ஒழுங்கான உருவம் முப்பரிமாணத்தில் இல்லவே இல்லை. எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஐந்தாம் பரிமாணத்திலிருந்து மேலே தம்பி சொன்னது மறுபடி சரியாகிவிடுகிறது. திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். தெசலாக்கம் (உருவங்களை இடைவெளியின்றி அடுக்கி நிரப்புவது) படித்த பிள்ளைகள் இந்தப் பதிவையும் பார்ப்பார்கள், அதனால்தான் எழுதினேன். பதிவில் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள்.