ஹம்ப்யூஷனின் தங்கம் அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை

"சின்ன வயசுல ஒரு ஒலிம்பிக்ஸ் ஆடிட்டு காணாமப் போனவர், ரியோவில் ஸோன்டர்லாண்ட் விழுந்ததால தங்கம் அடிச்சுட்டார்" என்று ஜெர்மன் ஜிம்னாஸ்ட் ஃபாபியான் ஹம்ப்யூஷனைப் பற்றி உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அவரோடு போட்டியிட்ட நெதர்லாந்து ஜிம்னாஸ்ட் ஸோன்டர்லாண்ட் விழுந்தது உண்மை. மற்றது தவறு.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் ஹை பார் (உயரமான ஒற்றைக் கம்பியில் சுழன்று செய்யும் பிரிவு) இறுதிக்கு வந்தபோது ஹம்ப்யூஷனுக்கு வயது 16. காணாமல் போனாரா? 2007இல் ஸ்டுட்கார்ட்டில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், அதே ஹை பாரில் உலகச் சாம்பியன். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம். 2011இல் குதிகால் தசைநார் அறுந்தது. ஜிம்னாஸ்டுக்கு அதைவிடப் பெரிய இடி கிடையாது. அடுத்த வருடமே லண்டனில் 16.400 புள்ளி எடுத்து வெள்ளி. அன்று ஸோன்டர்லாண்ட் 16.533, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரியோவுக்குத் தோள் காயத்தோடு போனார். தகுதிச் சுற்றிலேயே முதலிடம். இறுதியில் முதல் ஆளாக ஏறி 15.766 போட்டுவிட்டு, மற்ற ஏழு பேரும் முடிக்கும்வரை காத்திருந்தார். ஸோன்டர்லாண்ட் விழுந்தது அதற்குப் பிறகுதான். இரண்டாம் இடம் பிடித்த டானெல் லேவாவுக்கு 15.500. இந்த இடைவெளி ஹை பாரில் சின்னதில்லை. அப்பா வோல்ஃப்காங்தான் பயிற்சியாளர். இத்தனை வருட உழைப்பை ஒரே வரியில் அதிர்ஷ்டம் என்று தள்ளுவது நியாயமே இல்லை. பதிவைத் திருத்திவிடுங்கள், ப்ளீஸ்.