நோட்டீஸ் ஒட்டிவிட்டால் சொன்னதாகிவிடுமா?

மூணாறு பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இந்தக் கொடுமைக்கு முடிவே இல்லையா? வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நோட்டீஸ் இங்கிலீஷில், மிஞ்சினால் மலையாளத்தில். பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்பு இருக்க வேண்டும், வாசலருகே ஒட்ட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவே சொன்னது. எவர் காதில் விழுந்தது?

ஷிஃப்ட் மாறினால் ராத்திரி 10 மணிக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் டவரே கிடைக்காது. காலை 6 மணிக்கு வந்து நிற்கிற ஆளிடம், "குரூப்ல போட்டாச்சே" என்பார்கள். யார் குரூப்பில்? சூப்பர்வைசர் குரூப்பில்! அங்கிருந்து வாய்வழியாக வந்து சேருவதற்குள், இலை வாட்டுகிற பிரிவுக்கு மட்டும் என்றது எல்லாருக்கும் என்று ஆகியிருக்கும்.

போர்டைப் பாருங்கள். பழைய தாளைக் கிழிக்காமல் அதன்மேலேயே புதுசு. எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பிரிவுக்கு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? ஒன்றும் இருக்காது. கையெழுத்தும் சீலும் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

சம்பளச் சீட்டு அதைவிட மோசம். பி.எஃப். 12 சதவீதம் போக, 'அதர்ஸ்' என்று இன்னொரு பிடித்தம். கேட்டால் ஆபீஸைக் கை காட்டுவார்கள். ஆபீஸில் ஹெட் ஆபீஸைக் கை காட்டுவார்கள். உழைத்த காசு எங்கே போச்சு என்று தெரிந்துகொள்ள ஒரு மனுஷி எத்தனை வாசல் ஏறணும்?