கேஷியரின் நீள நோட்டு

வங்கிக்காரர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள், சங்கம் வைத்துத் தடுப்பார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. 1984 முதல் 2018 வரை கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

சங்கம் கம்ப்யூட்டரை எதிர்த்தது உண்மைதான். வேலை போய்விடும் என்ற பயம். ஆனால் 1983-லும் 1993-லும் ஒப்பந்தம் போட்டு, பேசிப் பேசித்தான் கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. 2001 வாக்கில் விருப்ப ஓய்வில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியேறினார்களே, பயம் சும்மாவா வந்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளைக்கு சிபிஎஸ் (எல்லாக் கிளைகளையும் ஒரே கம்ப்யூட்டர் அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங்) வந்தபோது ஹெட் கேஷியருக்கு 54 வயது. எண்களின் மேல் விரலை ஓட்டியே கூட்டிவிடுவார். கீபோர்டில் அதே விரல் எழுத்தைத் தேடி அலையும். பக்கத்தில் ஒரு நீள நோட்டு. சிஸ்டத்தில் ஏற்றுவதை எல்லாம் அதிலும் எழுதுவார். நாங்கள் சிரிப்போம். எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. கேஷ் குறைந்தால் அவர்தான் கைக்காசு போட வேண்டும். லெட்ஜரில் தப்பினால் அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் போடலாம். இதிலோ அவருடைய யூசர் ஐடி மாட்டிக்கொள்ளும். அவர் பயந்தது மெஷினுக்கு இல்லை, ஆடிட்டுக்கு.

பயிற்சி மையத்தில் இரண்டு நாள் ஸ்லைடு காட்டி அனுப்பினார்கள். ஒன்றும் ஏறவில்லை. புதிதாகச் சேர்ந்த கிளார்க் பெண்தான் மூன்று மணிக்குமேல் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், தப்பா அமுக்கினா ஒண்ணும் ஆகாது, இன்னும் பாஸ் பண்ணலை" என்று சொல்லிக்கொடுத்தது. அப்புறம் அரையாண்டு வட்டி. முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிவரை லெட்ஜர் லெட்ஜராக நாங்கள் போட்டது, இந்த முறை காலையில் வந்து பார்த்தால் சிஸ்டமே போட்டு எல்லாக் கணக்கிலும் ஏறியிருந்தது. மனிதர் அன்றோடு கட்சி மாறிவிட்டார். நோட்டை மட்டும் விடவில்லை.

இப்போது வருகிற ஆப் ஒவ்வொன்றும் டார்கெட்டோடு வருகிறது. கவுன்டரில் இருப்பவருக்கு அதில் என்ன மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் பென்ஷன் விஷயமாகப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பையன், "சார், ஆப் இறக்கிடுங்க, இன்னைக்கு இன்னும் மூணு வேணும்" என்றான். இறக்கினேன். உடனே ஒரு நீள நோட்டை எடுத்து என் பெயரையும் போன் நம்பரையும் எழுதினான்.

"எதுக்குப்பா?"

"சிஸ்டத்துல காட்டலேன்னா நான்தான் சார் பதில் சொல்லணும்."